அளவு மீறிய கோரிக்கை வந்தால் டிஸ்ப்ளே சர்வர் என்ன செய்ய வேண்டும்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சொந்தமாக ஒரு சின்ன டிஸ்ப்ளே சர்வர் (நிரல்களின் ஜன்னல்களைத் திரையில் காட்டும் நிரல்) எழுத ஆரம்பித்திருப்பீர்கள், அல்லது ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்கு முதல் பேட்ச் அனுப்பத் தயாராகிக்கொண்டிருப்பீர்கள். எதுவானாலும், சாக்கெட்டிலிருந்து பைட்டுகளைப் படிக்கும் அந்தச் சில நூறு வரிகளில் முதலில் உட்காருங்கள். ஜன்னலுக்கு நிழல் போடுவதையும் அனிமேஷனையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கிளையன்ட், அதாவது சர்வரோடு இணைந்து ஜன்னல் கேட்கும் நிரல், செத்தால் ஒரு ஜன்னல் போகும். சர்வர் செத்தால் திரையில் இருக்கும் அத்தனையும் போகும், சேமிக்காத வேலையும் சேர்ந்து போகும். சில அமைப்புகளில் எக்ஸ் சர்வர் இன்றும் ரூட் உரிமையோடு ஓடுகிறது. அங்கே ஒரு பஃபர் (வரும் தரவைப் பிடித்துவைக்கும் நினைவக இடம்) பிழை என்பது வெறும் செயலிழப்பு அல்ல, முழுக் கணினியையும் பிறர் கையில் கொடுப்பது. ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே ஒரு விதியைத்தான் பிடித்துக்கொண்டு போகப் போகிறேன்: ஒரு கிளையன்ட் எவ்வளவு பெரிய கோரிக்கை அனுப்பினாலும், அதன் பலன் அந்தக் கிளையன்ட்டோடு நின்றுவிட வேண்டும். பக்கத்து ஜன்னலுக்கு அது தெரியவே கூடாது.

எடுத்துக்காட்டுகளுக்கு, கிளையன்ட்டும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறைகளான எக்ஸ்11, வேலண்ட் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். 1987-இல் வந்த எக்ஸ்11-இல் இந்தச் சிக்கலின் எல்லா முகங்களும் இருக்கின்றன. வேலண்ட் சிலவற்றைத் தவிர்த்தது, சிலவற்றைப் புதிதாகக் கொண்டுவந்தது.

உச்சவரம்பை முதலில் முடிவு செய்யுங்கள்

எக்ஸ்11 கோரிக்கை ஒவ்வொன்றும் 4 பைட் ஹெடருடன் தொடங்கும். முதல் பைட் எந்த வகைக் கோரிக்கை என்று சொல்லும். இரண்டாவது பைட்டின் பயன் கோரிக்கைக்குக் கோரிக்கை மாறும். கடைசி இரண்டு பைட்டும் நீளம். இந்த நீளம் பைட் கணக்கில் இல்லை, 4 பைட் அலகுகளில் இருக்கிறது; ஹெடரும் அந்தக் கணக்கில் சேரும். 16 பிட்டில் அதிகபட்சம் 65,535 வரைதான் எழுத முடியும் என்பதால் ஒரு கோரிக்கை 2,62,140 பைட்டைத் தாண்ட முடியாது.

கிளையன்ட் இணையும்போதே சர்வர் தன் உச்சவரம்பைச் சொல்லிவிடும். அது எவ்வளவு சிறியதானாலும் 4,096 அலகுக்கு, அதாவது 16,384 பைட்டுக்குக் கீழே போகக்கூடாது என்பது நெறிமுறையின் கட்டாயம். அதைத் தாண்டி வரும் கோரிக்கையை என்ன செய்வது என்பதையும் நெறிமுறையே சொல்லியிருக்கிறது: முழுவதையும் படித்துத் தூக்கிப்போட்டுவிட்டு, நீளப் பிழையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

2,62,140 பைட் என்பது படங்களுக்குப் போதாது. 1920-க்கு 1080 அளவில் ஒரு படம், புள்ளிக்கு 4 பைட் என்றால், ஒரு வரிக்கே 7,680 பைட் ஆகிறது. 24 பைட் ஹெடரைக் கழித்தால் ஒரு கோரிக்கையில் 34 வரிகள்தான் அடங்கும். முழுப் படத்தையும் அனுப்ப 32 கோரிக்கைகள் வேண்டும். இந்தத் தொல்லைக்காக வந்ததுதான் பிக்-ரிக்வெஸ்ட்ஸ் என்னும் நீட்டிப்பு. கிளையன்ட் முதலில் அதை இயக்கச் சொல்லிக் கேட்கும். சர்வர் 32 பிட்டில் ஒரு புதிய உச்சவரம்பைப் பதிலாகத் தரும். அதன்பின் கிளையன்ட் பழைய 16 பிட் இடத்தில் பூஜ்யத்தை எழுதி, ஹெடரை அடுத்து 4 பைட்டில் உண்மையான நீளத்தை எழுதலாம். எக்ஸ்11-க்குப் பரவலாகப் பயன்படும் எக்ஸ்.ஆர்க் சர்வரில் இதன் இயல்பு வரம்பு 41,94,303 அலகு, கிட்டத்தட்ட 16 எம்பி. சர்வரைத் தொடங்கும்போது கட்டளை வரியில் இதை மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் சர்வருக்கும் இப்படி ஓர் எண்ணை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நெறிமுறையில் 32 பிட் இடம் இருக்கிறது என்பதற்காக 16 ஜிபி வரை வாங்கத் தேவையில்லை. வரம்பு ஒரே ஒரு மாறிலியாக ஒரே இடத்தில் இருக்கட்டும். கிளையன்ட்டுக்குச் சொல்லும் எண்ணும் நீங்கள் சரிபார்க்கும் எண்ணும் அதே மாறிலியிலிருந்து வரட்டும். இரண்டும் வேறு வேறு இடத்தில் எழுதப்பட்டு, பின்னாளில் ஒன்று மட்டும் மாறினால், ஒழுங்காக நடக்கும் கிளையன்ட்டுக்கும் பிழை போகும்.

ஹெடரை மட்டும் படியுங்கள், அப்புறம் யோசியுங்கள்

புதியவர்கள் எழுதும் நிரலில் வழக்கமாக நடப்பது இது: ஹெடரைப் படிப்பார்கள், நீளத்தை எடுப்பார்கள், உடனே அந்த அளவுக்கு நினைவகம் ஒதுக்குவார்கள், சரிபார்ப்பு அதற்குப் பிறகு வரும். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான். கிளையன்ட் சொன்ன எந்த எண்ணும் சரிபார்க்கப்படும் வரை வெறும் உரிமைகோரல் மட்டுமே. ஹெடருக்கும், தேவைப்பட்டால் நீட்டித்த நீளத்துக்கும் சேர்த்து 8 பைட் போதும். அதற்குக் கிளையன்ட்டின் தகவலமைப்புக்குள்ளேயே நிரந்தரமாக இடம் வைத்துவிடுங்கள்.

அந்த 8 பைட்டும் ஒரே மூச்சில் வரும் என்று எண்ண வேண்டாம். சாக்கெட் ஒரு பைட் தரலாம், மூன்று தரலாம். மீதிக்காகக் காத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டால் மற்ற ஜன்னல்கள் எல்லாம் உறைந்துபோகும். எவ்வளவு வந்தது என்பதை அந்தக் கிளையன்ட்டின் கணக்கில் குறித்துக்கொண்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விட வேண்டும்.

பைட் வரிசையையும் மறக்காதீர்கள். எக்ஸ்11-இல் கிளையன்ட் தான் பேசப்போகும் வரிசையை முதல் பைட்டிலேயே அறிவிக்கும். நீளத்தைச் சரியான வரிசைக்கு மாற்றிய பிறகுதான் எந்த ஒப்பீடும் செய்ய வேண்டும். மாற்றுவதற்கு முன் ஒப்பிட்டால் 1 என்பது 256 ஆகத் தெரியும். 256 என்பது 1 ஆகத் தெரியும். இரண்டாவதுதான் ஆபத்து.

பெருக்குவதற்கு முன் ஒப்பிடுங்கள்

இந்த ஒரு படியில் நேரம் செலவழிக்கச் சொல்வேன். கீழே இருக்கும் எட்டு பைட்டைப் பாருங்கள்:

127 0 0 0 2 0 0 64

127 என்பது எக்ஸ்11-இல் எதுவும் செய்யாத கோரிக்கை. அடுத்தது பயன்படாத பைட். பிறகு இரண்டு பூஜ்யம்: நீளம் பூஜ்யம், ஆகவே நீட்டித்த நீளம் பின்னால் வருகிறது. கடைசி நான்கு பைட்டைச் சிறிய பைட் முதலில் வரும் வரிசையில் படித்தால் 107,37,41,826 அலகு. அதாவது 4 ஜிபியைவிட 8 பைட் அதிகம்.

இப்போது நிரல் இந்த எண்ணை பைட்டாக மாற்ற 4-ஆல் பெருக்குகிறது. விடை 429,49,67,304. ஆனால் 32 பிட் மாறியில் 429,49,67,295-க்கு மேல் இடமில்லை. எண் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து சுற்றும். கையில் மிஞ்சுவது 8. வரம்பு 16 எம்பி, வந்திருப்பது 8 பைட், எல்லாம் சரி என்று சரிபார்ப்பு பச்சைக்கொடி காட்டிவிடும். வேறொரு இடத்தில் பழைய அலகு எண்ணை அப்படியே நம்பி இன்னொரு வரி வேலை செய்யும்போது, 8 பைட் பஃபரில் 4 ஜிபி இருப்பதாக நினைத்துக்கொண்டு படிக்கப் போகும்.

இது கற்பனை அல்ல. எக்ஸ்.ஆர்க்கிலேயே இந்தப் பிழை இருந்தது. 2025 ஜூனில் சிவிஇ-2025-49176 என்ற பாதுகாப்புக் குறைப் பதிவெண்ணில் அது வெளியானது: பெரிய கோரிக்கையின் நீளத்தை முதலில் 4-ஆல் பெருக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் வரம்போடு ஒப்பிட்டார்கள். முதலில் வந்த திருத்தம் போதாமல், கூடுதல் திருத்தத்தோடு இன்னொரு வெளியீடும் வந்தது. அனுபவம் மிகுந்தவர்கள் பல ஆண்டுகள் பார்த்த நிரலிலேயே இது ஒளிந்திருந்தது என்பதால், உங்கள் நிரலில் இருக்காது என்று நினைக்க வேண்டாம்.

தீர்வு எளிது. வந்த அலகு எண்ணை அலகிலேயே வரம்போடு ஒப்பிடுங்கள். 41,94,303-ஐத் தாண்டினால் அங்கேயே மறுத்துவிடுங்கள். தாண்டவில்லை என்று உறுதியான பிறகு பெருக்கினால் எண் சுற்றவே வாய்ப்பில்லை. 64 பிட் மாறியில் பெருக்குவதும் வழிதான், ஆனால் அது மட்டும் போதும் என்று விடாதீர்கள். பின்னால் யாராவது அந்த எண்ணை ஒரு சாதாரண முழுஎண் மாறியில் போட்டுவிடுவார்கள். எண்ணுக்கு எப்போதும் குறியற்ற வகையையே பயன்படுத்துங்கள். எதிர்மறையாக மாறிய நீளம் எந்த உச்சவரம்பையும் சுலபமாகக் கடந்துவிடும்.

மேல் வரம்பைப் பார்க்கும்போதே கீழ் வரம்பையும் பார்த்துவிடுங்கள். நீட்டித்த நீளத்தில் ஹெடரும் அந்த நான்கு பைட்டும் சேர்ந்தே கணக்கிடப்படுவதால் அது 2-க்குக் குறைய முடியாது. வேலண்டில் செய்தியின் அளவு பைட்டில் வரும், ஹெடர் 8 பைட். ஆகவே 8-க்குக் குறைந்த அளவு பொய். பூஜ்ய அளவை அப்படியே ஏற்றுக்கொண்டால், படிக்கும் வளையம் பூஜ்யம் பைட் முன்னேறி, அதே செய்தியை மறுபடி படித்து, முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

தூக்கிப்போடுவதா, துண்டிப்பதா

சரி, கோரிக்கை வரம்பு மீறியது என்று தெரிந்துவிட்டது. இப்போது இரண்டு வழி. மீதி பைட்டுகளைப் படித்து வீசிவிட்டு, பிழையை மட்டும் அனுப்பி, கிளையன்ட்டை வாழவிடலாம். அல்லது இணைப்பையே துண்டித்துவிடலாம்.

நான் முடிவெடுக்கும் விதம் இது: அடுத்த கோரிக்கை எந்த பைட்டில் தொடங்கும் என்று எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியுமா? தெரிந்தால் தூக்கிப்போடலாம். தெரியாவிட்டால் துண்டிக்க வேண்டும், தயக்கமே வேண்டாம். நீளம் 17 எம்பி என்று சொல்லும் கிளையன்ட் அநேகமாக உண்மையாகவே 17 எம்பி அனுப்பப் போகிறது. வரம்பைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். 4 ஜிபிக்கு மேல் சொல்லும் கிளையன்ட்டை நம்ப எந்தக் காரணமும் இல்லை. நீட்டிப்பை இயக்காமலேயே நீளத்தைப் பூஜ்யமாக அனுப்பியதும் அப்படியே. அங்கே வெறும் ஹெடரை மட்டும் விழுங்கிவிட்டுத் தொடர்வதும் சாத்தியம்தான், ஆனால் பின்னால் வருவது ஒரு படத்தின் நடுப்பகுதியாக இருக்கலாம். அந்தப் படத்தின் நிறங்களைச் சர்வர் கட்டளைகளாக நினைத்து நிறைவேற்ற ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலண்ட் இந்தக் கேள்வியையே எடுத்துவிட்டது. அங்கே நெறிமுறைப் பிழை எதுவானாலும் மீளமுடியாத பிழைதான்: பிழைச் செய்தி போகும், இணைப்பு முடியும். புதிதாக ஒரு நெறிமுறை வடிவமைப்பவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். எக்ஸ்11-க்குச் சர்வர் எழுதினால் மட்டும் அந்த உரிமை உங்களுக்கு இல்லை. பிழை வந்த பிறகும் தொடர்ந்து ஓடும் என்று நம்பி எழுதப்பட்ட பழைய நிரல்கள் ஏராளம்.

தூக்கிப்போடும் வழியைத் தேர்ந்தால், கிளையன்ட்டுக்கு ஒரு எண்ணியை வையுங்கள்: இன்னும் எத்தனை பைட்டைப் புறக்கணிக்க வேண்டும் என்பதன் கணக்கு. ஹெடரைப் பார்த்ததும் மொத்த நீளத்திலிருந்து கையில் வந்துவிட்டதைக் கழித்து அதில் போடுங்கள். பின்னர் சாக்கெட்டில் வருவதை ஒரு சின்ன நிலையான பஃபரில் படித்து வீசுங்கள், எண்ணியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இதற்காக ஒரு பைட் கூடப் புதிதாக ஒதுக்க வேண்டியதில்லை.

இதில் மூன்று இடங்களில் கால் தடுக்கும்.

ஒன்று, வரிசை எண். எக்ஸ்11-இல் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் உண்டு. கிளையன்ட், சர்வர் இருவரும் அதைத் தனித்தனியே எண்ணிக்கொண்டு வருகிறார்கள். தூக்கிப்போட்ட கோரிக்கையும் ஒரு கோரிக்கைதான், அதற்கும் எண்ணைக் கூட்ட வேண்டும். மறந்தால் அதற்குப் பிறகு வரும் பதில்கள் எல்லாம் ஒன்று தள்ளிப் பொருந்தும், கிளையன்ட் குழம்பி நிற்கும். அனுப்பும் 32 பைட் பிழைச் செய்தியில் பிழை எண் 16, இந்த வரிசை எண், கோரிக்கையின் வகை எண் மூன்றும் சரியாக இருக்கட்டும். பிழையைத் தேடும் மனிதருக்கு அந்த மூன்றும்தான் துப்பு.

இரண்டு, எண்ணி யாருடையது என்பது. சர்வர்கள் சிக்கனத்துக்காக ஒரே படிப்புப் பஃபரைப் பல கிளையன்ட்டுகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுப்பதுண்டு. எக்ஸ்.ஆர்க்கில் புறக்கணிப்பு எண்ணி அந்தப் பஃபரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கிளையன்ட்டின் எண்ணி பூஜ்யமாகும் முன் பஃபர் இன்னொருவருக்குப் போனால், அந்த இன்னொருவரின் கோரிக்கை தூக்கிப்போடப்பட்டு, அவர் வராத பதிலுக்காகக் காத்துத் தொங்கிக்கொண்டிருப்பார். அதே 2025 ஜூனில் சிவிஇ-2025-49178 என்று வந்தது இதுதான். தொடக்கத்தில் சொன்ன விதியை நேரடியாக உடைக்கும் பிழை என்பதால் இதை எல்லோருக்கும் சொல்லிக்காட்டுவேன்: தவறு செய்தவர் ஒருவர், தண்டனை அனுபவித்தவர் வேறொருவர். எண்ணி பூஜ்யமாக இல்லாதவரை பஃபரை யாருக்கும் கைமாற்றாதீர்கள்.

மூன்று, நேரம். 16 எம்பியை வீசுவதும் வேலைதான். ஒரு சுற்றில் இவ்வளவு பைட்டுக்கு மேல் வீசுவதில்லை என்று வரையறை வைத்து, மீதியை அடுத்த சுற்றுக்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் மவுஸ் அம்பு தடுமாறுவதைப் பயனர் கண்ணால் பார்ப்பார்.

கோரிக்கையோடு ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்திருக்கும் கோப்பைச் சுட்டும் எண்) சேர்ந்து வந்திருந்தால் அதையும் மூடிவிடுங்கள். வேலண்டில் இது அன்றாடம். எக்ஸ்11-இலும் டிஆர்ஐ3 என்னும் நீட்டிப்பு வந்த பிறகு உண்டு. பைட்டை வீசி டிஸ்கிரிப்டரை மறந்தால், தவறான கோரிக்கைகளை வரிசையாக அனுப்பியே ஒரு கிளையன்ட் உங்கள் சர்வரின் டிஸ்கிரிப்டர் ஒதுக்கீட்டைத் தீர்த்துவிடும். அப்புறம் புதிதாக யாரும் இணையக்கூட முடியாது.

வரம்புக்குள் இருந்தாலும் மொத்தமாக ஒதுக்க வேண்டாம்

16 எம்பி என்று ஹெடரில் சொல்லிவிட்டு ஒரு பைட்டும் அனுப்பாமல் சும்மா இருக்கும் கிளையன்ட்டை நினைத்துப் பாருங்கள். எக்ஸ்.ஆர்க்கின் இயல்பு உச்சம் 256 கிளையன்ட். எல்லோரும் அப்படிச் செய்தால் 4 ஜிபி. லினக்ஸில் தொடாத நினைவகம் உடனே செலவாகாது என்பது உண்மைதான்; அதை நம்பி வடிவமைப்பது சரியல்ல. பஃபரைத் தரவு வர வர இரட்டிப்பாக வளர்த்துக்கொண்டு போங்கள். பெரிய கோரிக்கை முடிந்ததும் பழைய அளவுக்குச் சுருக்கிவிடுங்கள். ஒரே ஒரு படம் அனுப்பிய கிளையன்ட் நாள் முழுக்க 16 எம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

உள்ளே இருக்கும் எண்களையும் நம்ப வேண்டாம்

வெளி நீளம் சரியாக இருந்தும் உள்ளே பொய் இருக்கலாம். கோரிக்கைக்குள் எண்ணிக்கை, அகலம், உயரம், எழுத்துகளின் நீளம் என்று பல எண்கள் வரும். அவை எல்லாம் வெளி நீளத்துக்குள் அடங்குகின்றனவா என்று ஒவ்வொரு கோரிக்கையின் தொடக்கத்திலும் பார்க்க வேண்டும். 2014 டிசம்பரில் எக்ஸ்.ஆர்க் ஒரு பெரிய தொகுதியாகப் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டது; அவற்றில் பல இந்த வகைதான். படம் அனுப்பும் அடிப்படைக் கோரிக்கையில் இருந்த கணக்குப் பிழை உட்பட சில, 1987-இன் முதல் வெளியீட்டிலிருந்தே இருந்தவை.

ஒப்பிடும்போது பெருக்கலைத் தவிர்த்து வகுத்தலைப் பயன்படுத்துங்கள். உயரத்தை வரியின் பைட் அளவால் பெருக்கி, பஃபருக்குள் இருக்கிறதா என்று கேட்பதற்குப் பதில், முழுஎண்ணின் உச்ச மதிப்பை வரியின் பைட் அளவால் வகுத்து, உயரம் அதற்குள் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வகுக்கும் முன் அந்த எண் பூஜ்யமில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். வேலண்டின் லிப்வேலண்ட் நூலகம் பகிர்வு நினைவகப் பஃபர் உருவாக்கும்போது இதே முறையைத்தான் கையாள்கிறது.

சின்னக் கோரிக்கை பெரிய வேலை கேட்பதும் உண்டு. எக்ஸ்11-இல் ஒரு பிக்ஸ்மேப் (திரைக்கு வெளியே நினைவகத்தில் இருக்கும் படம்) உருவாக்கும் கோரிக்கை வெறும் 16 பைட். அதில் அகலமும் உயரமும் 32,767 என்று எழுதினால், புள்ளிக்கு 4 பைட் கணக்கில் 4 ஜிபியை ஒட்டிவிடும். எக்ஸ்.ஆர்க் 32,767-க்கு மேல் போகும் அகலத்தையோ உயரத்தையோ உடனே நினைவகப் பிழை சொல்லி மறுத்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பதற்கும் ஒதுக்கீடு தோற்கலாம் என்று எழுதிவைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. ஒதுக்கீடு தோற்றால் நினைவகப் பிழையைக் கிளையன்ட்டுக்கு அனுப்புங்கள், சர்வரை நிறுத்தாதீர்கள். சாதாரணச் செயலிகளில் நினைவகம் கிடைக்காவிட்டால் நிரலை முடித்துவிடும் ஒதுக்கீட்டுச் செயற்கூறுகளைப் பயன்படுத்துவது வழக்கம். கிளையன்ட் சொல்லும் அளவை ஒதுக்கும் இடத்தில் அவை கூடவே கூடாது.

பெரிய தரவுக்கு வேறு வழி கொடுங்கள்

4கே திரை முழுவதற்கும் ஒரு படம் என்றால் 3,31,77,600 பைட். எக்ஸ்.ஆர்க்கின் 16 எம்பி வரம்புக்கே அது அடங்காது. வரம்பை ஏற்றிக்கொண்டே போவது விடையல்ல. அவ்வளவு தரவை சாக்கெட் வழியே தள்ளக்கூடாது என்பதே விடை. எக்ஸ்11-இல் எம்ஐடி-எஸ்எச்எம் நீட்டிப்பும், வேலண்டில் பகிர்வு நினைவகமும் இதற்காகவே இருக்கின்றன. சாக்கெட்டில் போவது சின்னக் குறிப்பு மட்டும். புள்ளிகள் பகிர்ந்த நினைவகத்தில் இருக்கும்.

அங்கேயும் அளவுப் பொய் உண்டு, வேறு உருவத்தில். கிளையன்ட் 33 எம்பி கோப்பு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, சர்வர் படித்துக்கொண்டிருக்கும்போதே கோப்பைச் சுருக்கிவிடலாம். இல்லாத நினைவகப் பக்கத்தைத் தொட்டதும் கர்னல் சர்வருக்கு சிக்பஸ் சிக்னல் அனுப்பும். பிடிக்காவிட்டால் சர்வர் காலி. லிப்வேலண்ட் இதற்கென்று அணுகல் தொடக்கம், முடிவு என்று இரண்டு செயற்கூறுகள் தருகிறது. அவற்றுக்கு இடையில்தான் அந்த நினைவகத்தைத் தொட வேண்டும். லினக்ஸில் மெம்எஃப்டி (நினைவகத்தில் மட்டும் இருக்கும்) கோப்புக்குச் சுருக்கத் தடை முத்திரை வைக்கவும் முடியும்.

கிளையன்ட் பக்கம் என்ன நடக்கிறது

சர்வர் எழுதுபவர் இதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு வரும் புகார்களில் பாதி இங்கிருந்துதான். எக்ஸ்11 கிளையன்ட்டுகள் பயன்படுத்தும் நூலகங்கள் எக்ஸ்லிப், எக்ஸ்சிபி இரண்டும். எக்ஸ்லிப் பெரிய படத்தைத் தானே துண்டு துண்டாக வெட்டி அனுப்பிவிடும். எக்ஸ்சிபி அப்படி வெட்டாது. வரம்பு மீறினால் கிளையன்ட் பக்கத்திலேயே இணைப்பைப் பிழை நிலைக்குத் தள்ளிவிடும், உங்களுக்கு அந்தக் கோரிக்கை வந்தே சேராது. காப்பி-பேஸ்ட்டில் பெரிய தரவு என்றால் துண்டுகளாக மாற்றிக்கொள்ள, எக்ஸ்11 கிளையன்ட்டுகள் தங்களுக்குள் பின்பற்றும் ஐசிசிசிஎம் மரபில் இன்கிர் என்றொரு முறை இருக்கிறது.

வேலண்டில் நல்ல எடுத்துக்காட்டு ஜன்னல் தலைப்பு. லிப்வேலண்டின் இணைப்புப் பஃபர் நெடுங்காலம் 4,096 பைட்டாகவே இருந்தது. அதில் ஹெடருக்கு 8, எழுத்துகளின் நீளத்துக்கு 4, முடிவுக் குறியான பூஜ்யத்துக்கு 1 போனால் மீதி 4,083. ஜிடிகே என்னும் இடைமுக நூலகம் தலைப்பை அந்த 4,083 பைட்டிலேயே வெட்டிவிடுகிறது. இல்லாவிட்டால் மிக நீண்ட தலைப்புள்ள ஒரு வலைப்பக்கம் நிரலின் இணைப்பையே அறுத்துவிடும். 2024 மே மாதம் வந்த லிப்வேலண்ட் 1.23-இலிருந்து இந்தப் பஃபரின் உச்ச அளவைக் கம்பாசிட்டரே (வேலண்டில் சர்வருக்கு இதுதான் பெயர்) கிளையன்ட்டுக்குக் கிளையன்ட் தீர்மானிக்கலாம். சர்வரிலிருந்து கிளையன்ட்டுக்குப் போகும் எதிர்த்திசையிலும் இது உதவியாக இருக்கிறது: கொஞ்ச நேரம் திணறி நிற்கும் நிரலின் மேல் வேகமான மவுஸ் ஓடினால், பஃபர் நிரம்பி நிரல் துண்டிக்கப்படுவது முன்பு சாதாரணம்.

உடைத்துப் பாருங்கள்

சோதனைக்கு நூலகம் எதுவும் வேண்டாம், சாக்கெட்டைத் திறந்து பைட்டை நேரடியாக எழுதும் ஒரு சின்ன நிரல் போதும். நூலகங்கள் தவறான நீளத்தை அனுப்ப விடாது. எக்ஸ்11-இல் 127-ஆம் கோரிக்கை இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது: எந்த நீளத்திலும் அனுப்பலாம், உள்ளடக்கத்தைச் சர்வர் கண்டுகொள்ளாது.

முதலில் சரியாக வரம்பளவு அனுப்புங்கள், ஏற்க வேண்டும். வரம்பைவிட ஓர் அலகு அதிகம் அனுப்புங்கள், நீளப் பிழை வர வேண்டும். உடனே ஒரு சாதாரணக் கேள்வி அனுப்பினால் சரியான வரிசை எண்ணோடு பதில் வர வேண்டும். நீளம் பூஜ்யம், நீட்டித்த நீளம் பூஜ்யம், நீட்டித்த நீளம் 1, மேலே பார்த்த 107,37,41,826 ஆகியவற்றையும் அனுப்பிப் பாருங்கள். வேலண்ட் சர்வரானால் 0, 7, 8, 65,535 என்ற அளவுகள். எல்லாவற்றையும் ஒருமுறை ஒரே தடவையில் எழுதியும், இன்னொரு முறை பைட் பைட்டாக இடைவெளி விட்டும் அனுப்புங்கள். பாதியில் இணைப்பை மூடிப் பாருங்கள். பாதியில் மூடாமல் அப்படியே மௌனமாக விட்டும் பாருங்கள்.

இவை ஓடும்போது பக்கத்திலேயே இரண்டாவது கிளையன்ட் ஒன்று, விநாடிக்குப் பலமுறை ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்துகொண்டே இருக்கட்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் கிளையன்ட்டுக்குச் சரியான பிழை வந்தது என்பதோடு சோதனையை முடித்துவிடுவார்கள். சிவிஇ-2025-49178 போன்ற பிழை இரண்டாவது கிளையன்ட் இல்லாமல் கண்ணில் படாது. சர்வரை நினைவகப் பிழைகளைக் காட்டும் அட்ரஸ் சானிடைசரோடும், முழுஎண் வழிதலைக் காட்டும் சானிடைசரோடும் தொகுத்து ஓட்டுங்கள். எண் சுற்றிக்கொள்வது பல நேரம் சத்தமே இல்லாமல் நடக்கும். குறியற்ற எண்கள் சுற்றுவதைச் சி மொழி பிழையாகவே கருதாது என்பதால், அதற்கான சோதனையைத் தனியாக இயக்கிவைக்க வேண்டும். கிளாங் தொகுப்பியில் அந்த வசதி இருக்கிறது.

பதிவேட்டில் ஒவ்வொரு மீறலையும் எழுதாதீர்கள். கிளையன்ட் ஒன்றுக்கு முதல் சில மீறல்களை மட்டும் எழுதி, மற்றவற்றை எண்ணிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தவறான கோரிக்கைகளால் வட்டு நிரம்பும். எழுதும் வரியில் கோரிக்கையின் வகை எண், சொன்ன நீளம், உங்கள் வரம்பு, கிளையன்ட்டின் செயல் எண் நான்கும் இருந்தால், எந்த நிரல் எதை அனுப்பியது என்று மறுநாள் பார்ப்பவரும் கண்டுபிடித்துவிடலாம்.